சேஃப்டி ஷூ போட்டு ஆடியவள்

பேட்டி எடுக்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஓசூர்ல ஃபேக்டரி வேலை பார்த்துட்டு எலக்ட்ரானிக் மியூசிக் டிஜே ஆகியிருக்கீங்க. உங்களை உருவாக்கினது எது?" நானும் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன். பிரஸ் ஷாப்பில் மெஷின் தகட்டின் மேல் விழுந்து அடிக்கிற சத்தத்திலிருந்துதான் எனக்குத் தாளம் வந்தது என்பேன். கேட்கிறவர்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும். தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொள்வார்கள். சுத்தப் பொய். நான் பிரஸ் ஷாப் பக்கமே போனதில்லை. கியர்பாக்ஸ் அசெம்பிளி லைனில் போல்ட் முறுக்கிக்கொண்டிருந்தேன். அங்கே எனக்குக் கேட்டதெல்லாம் சூப்பர்வைசர் கத்துவது மட்டும்தான்.

உண்மையான பதில் ஒரு பெண். அவள் பெயரை இதுவரை ஒரு பேட்டியிலும் சொன்னதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. பொறாமைதான், வேறென்ன. ஒரு தடவை சொல்லிவிட்டால் அடுத்த பேட்டிக்கு அவளையும் கூப்பிடுவார்கள். அவளும் அந்தக் கனமான ஷூவைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். அதற்கப்புறம் என்னை யார் பார்ப்பார்கள்?

ஓசூரில் பெண்கள் ஹாஸ்டலில் நானும் அவளும் ஒரே அறை. நான் கோவில்பட்டிப் பக்கம். அவள் பாரூர். ஏரிக் கால்வாய்ப் பாசனத்தில் அவள் அப்பாவுக்கு நெல்வயல். இருவருக்கும் ஒரே வயது, ஒரே நாளில் டிரெயினியாகச் சேர்ந்தோம். ஒரே பயிற்சி முடித்தோம். அவளை நாய்ஸ் ரூமுக்கு அனுப்பினார்கள், என்னை லைனுக்கு அனுப்பினார்கள். பொறாமை அங்கேதான் ஆரம்பித்தது என்று நினைக்கிறேன்.

நாய்ஸ் ரூம் என்றால், கனமான கதவு போட்ட, சுவரெல்லாம் பஞ்சு வைத்த சின்ன அறை. எங்கள் லைனில் பூட்டி முடித்த கியர்பாக்ஸ் அங்கே போகும். அதை ஒரு மோட்டாரில் மாட்டி, ஒவ்வொரு கியராக ஓடவிட்டு, காதால் கேட்டு நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். நல்லதென்றால் மஞ்சள் பெயின்ட் மார்க்கரால் ஒரு புள்ளி. இல்லாவிட்டால் சிவப்பு அட்டை கட்டித் திருப்பி எங்களுக்கே அனுப்பிவிடுவாள். சேர்ந்த இரண்டாவது மாதத்தில் ஒரு கியர்பாக்ஸுக்குச் சிவப்பு அட்டை கட்டினாள். இன்ஜினியர் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். "இல்லீங்க சார், மூணாவது கியர்ல ஒரு பல்லுல அடி பட்டுக்கீது. சுத்துக்கு ஒரு தடவ டிக்குங்குது" என்றாள். பிரித்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு பல்லின் முனையில் நகக்கண் அளவுக்குச் சிதைவு. அதைப் பூட்டியது யார் தெரியுமா? நான்தான். அன்று முதல் இன்ஜினியர் அவளை வாங்க போங்க என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த அறையில் ஏசி வேறு.

இத்தனைக்கும் அவளுக்குப் பாட்டில் எந்தப் பித்தும் கிடையாது. போனில் ஒரு பாட்டுகூட வைத்திருக்க மாட்டாள். பித்து எனக்குத்தான். ஷிப்ட் முடிந்து வந்தால் கட்டிலில் படுத்து, போனில் வெளிநாட்டு டிஜேக்கள் வாசிப்பதை மணிக்கணக்கில் பார்ப்பேன். எந்த நகரத்தில் எந்த க்ளப், அங்கே எந்த வருடத்தில் எந்தச் சத்தம் பிறந்தது என்று எல்லாம் எனக்குத் தலைகீழாகத் தெரியும். பெங்களூரில் ஒரு பழைய கிடங்கை க்ளப் ஆக்கி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே பார்ட்டி நடத்துகிறார்கள், நான்கு மணிக்குள் போனால் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது என்பதைக் கண்டுபிடித்தவளும் நான்தான். ஹாஸ்டல் கேட்டை எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். மத்தியான பார்ட்டி எங்களுக்காகவே வைத்தது போல இருந்தது. தனியாகப் போகப் பயந்து, துணைக்கு அவளைக் கூட்டிப்போனேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தப்பு அது.

முதல் ஞாயிறு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். செருப்புப் போட்டு வரக்கூடாதாம், ஷூ வேண்டுமாம். அடுத்த வாரம் நான் ஹாஸ்டலில் இன்னொருத்தியிடம் ஷூ இரவல் வாங்கினேன். அது என் பாதத்தைவிட ஒரு சைஸ் சின்னது. அவள் யாரிடமும் கேட்கவில்லை. கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூவைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். முனையில் இரும்பு வைத்தது, ஆளுக்கு முன்னால் ஷூ நடக்கும். மேலே சாதாரண சுடிதார்.

"ஏட்டி, இதப் போட்டுட்டு என் கூட வந்துராத. மானம் போயிரும்."

"இன்னாடி பண்றது? ஷூதான கேட்டாங்க. இதுவும் ஷூதான?"

வாசலில் நின்ற பவுன்சரைப் பார்த்து அவள் கன்னடத்தில், "ஊட்டா ஆய்த்தா அண்ணா?" என்று கேட்டாள். சாப்பிட்டாயா என்று அந்த வாசலில் அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் போல. சிரித்துக்கொண்டே எங்களை உள்ளே விட்டார். பாரூர்க்காரிக்குத் தமிழ், கம்பெனியில் பழகிய கன்னடம், பக்கத்து வீட்டுத் தெலுங்கு என்று மூன்றும் நாக்கில் நிற்கும். எனக்கு ஒன்றே ஒன்று. அதையும் கேட்டு ஓசூரில் சிரிப்பார்கள். உள்ளே போனதும் ஒரு பெண் அவள் காலைக் காட்டி, "இந்த பூட்ஸ் எங்க வாங்கினீங்க?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். என் குதிகாலில் அதற்குள் கொப்புளம் வந்துவிட்டது.

அவள் பையிலிருந்து இரண்டு ஜோடி இயர் பிளக் எடுத்தாள். நீலக் கயிற்றில் கோத்த ஆரஞ்சு நிற நுரைப் பஞ்சு. கம்பெனியில் சத்தமான இடங்களில் காதில் வைக்கக் கொடுப்பது. ஒன்றைத் தன் காதில் திருகி வைத்துக்கொண்டு மற்றதை என்னிடம் நீட்டினாள்.

"இந்தா, போட்டுக்க."

"பாட்டு கேக்க வந்துட்டு யாராவது காதை அடைப்பாங்களா, கிறுக்கி?"

"அடைச்சாதான்டி தெளிவா கேக்கும். நாளைக்கி காலைல நான் நாய்ஸ் ரூம்ல குந்தணும். காது வேணும் இல்ல?"

நான் வாங்கி ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டேன். போட்டுக்கொள்ளவில்லை. டிஜே ஆகப்போகிறவள் கம்பெனி இயர் பிளக்கோடு நிற்பதா? அன்று மட்டுமில்லை. அடுத்த இரண்டு வருடத்தில் எத்தனை ஞாயிறு போனோமோ அத்தனை ஞாயிறும் அவள் நீட்டினாள், அத்தனை ஞாயிறும் நான் பாக்கெட்டில் போட்டேன். வேறு யாராவது நீட்டியிருந்தால் ஒருவேளை வைத்துக்கொண்டிருப்பேன்.

அவள் ஆடுவதைச் சொல்ல வேண்டும். ஆட்டம் என்றே சொல்ல முடியாது. ஒரு தூணுக்குப் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். முழங்கால் மட்டும் மெல்ல மடங்கி நிமிரும். அந்த ஷூ தரையை விட்டு எழும்பாது. கை இரண்டும் துப்பட்டா முனையைப் பிடித்திருக்கும். பத்து நிமிடம், இருபது நிமிடம் அப்படியே. ஆனால் பாட்டு மாறப்போகிறது என்றால் அதற்கு ஒரு கணம் முன்னால் அவள் உடம்பு மாறிவிடும். அடித்தாளம் நின்று எல்லோரும் கையைத் தூக்கிக்கொண்டு கூச்சல் போடும்போது அவள் கூச்சல் போடமாட்டாள். "அவசரப்படாத, வரும்" என்று எனக்குத்தான் சொல்வாள். சரியாக அவள் முழங்கால் மடங்கும்போது தாளம் வந்து விழும். கண்ணைத் திறந்தாள் என்றால் மேடையில் இருப்பவன் ஏதோ தப்புப் பண்ணப்போகிறான் என்று அர்த்தம். மூன்றாவது மாதத்திலேயே கவனித்துவிட்டேன், அங்கே வாசிக்கிறவர்கள் அடுத்த பாட்டை விடுவதற்கு முன்னால் அந்தத் தூண் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்கள். கூட்டத்தையோ முன்வரிசையில் குதித்துக்கொண்டிருந்த என்னையோ பார்க்கவில்லை.

இது உனக்கு ஏன் பிடித்திருக்கிறது என்று ஒரு நாள் திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன். அத்திப்பள்ளி தாண்டும்வரை யோசித்தாள்.

"கம்பெனில மேல கேமரா கீது. ஹாஸ்டல்ல வார்டன் பாத்துக்கினே கீது. ஊருக்குப் போனா எப்ப கல்யாணம்னு தெருவே பாக்குது. அங்க யாருமே நம்மள பாக்கல இல்ல? கண்ண மூடிக்கினா நான் இருக்கறதே எனுக்குத் தெரியல. அதான்."

யாருமே பார்க்கவில்லையாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் பெங்களூருக்கே போய்க்கொண்டிருந்தேன்.

அந்த க்ளப்பில் மாதம் ஒரு ஞாயிறு புதியவர்களுக்கு அரைமணி நேரம் மேடை கொடுப்பார்கள். நான் இரண்டு பாட்டை ஒன்றோடொன்று கலக்கும் பழைய கன்ட்ரோலர் ஒன்று வாங்கி, கட்டில்மேல் வைத்து, ஹெட்ஃபோனில் பழகினேன். சில நாள் அவள் வந்து ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக் கேட்பாள். "ஒண்ணு முந்துது, இன்னொண்ணு பின்னாடி இழுத்துக்கினு வருது. ரெண்டும் ஒண்ணா வரணும்." அவ்வளவுதான் சொல்வாள், எப்படி என்று சொல்லத் தெரியாது. நான் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். இரண்டும் ஒன்றாக வந்துவிட்டால் அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்த் துணி துவைப்பாள். அவள் எழுந்து போவதுதான் எனக்குக் கிடைத்த பாராட்டு.

என் முதல் மேடை மூன்று மணிக்கு. கூட்டம் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். முதல் மூன்று பாட்டுக்கு அவள் தூணில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். நான்காவதில் பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். அவள் ஆட ஆரம்பித்ததும் ஓரமாக நின்றவர்களும் உள்ளே வந்தார்கள். முடித்து இறங்கினேன். பார்ட்டி நடத்துகிறவர் வேகமாக வந்தார். கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அவளிடம் கேட்டார்.

"ரொம்ப நாளா உங்களை கவனிச்சிட்டிருக்கேன். நீங்க வாசிக்கிறீங்களா? அடுத்த மாசம் ஒரு மணி நேரம் தர்றேன்."

"ஐயோ, எனுக்கு எதுக்கு சார்? எல்லாரும் மேல ஏறிட்டா கீழ ஆடறது யாரு? இவளுக்குக் குடுங்க. இவதான் ராத்திரி பகலா பழகுறா."

கொடுத்தார். இன்று என் பெயர் போட்ட போஸ்டர் ஒட்டுகிறார்கள் என்றால் அதற்கு முதல் படி அந்த ஒரு மணி நேரம். அவள் வேண்டாம் என்று தள்ளியது. பசிக்கவில்லை என்று ஒருத்தி ஒதுக்கிய தட்டில் நான் சாப்பிட்டேன். அதை அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அடுத்த வருடம் கம்பெனியில் வருடாந்திர மெடிக்கல் வந்தது. கேன்டீன் முன்னால் ஒரு வேன் நிற்கும். அதற்குள் சின்னக் கண்ணாடி வைத்த பெட்டி அறை. ஹெட்ஃபோன் மாட்டி உட்கார வைப்பார்கள். பீப் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். வரிசையில் நான் முன்னால், அவள் எனக்கு அடுத்து.

தாழ்ந்த சத்தங்கள் கேட்டன, அழுத்தினேன். கொஞ்சம் மேலே போனது, அழுத்தினேன். பிறகு ஒன்றும் வரவில்லை. காத்திருந்தேன். வரவேயில்லை. கண்ணாடி வழியாக டெக்னீஷியன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போய்க்கொண்டிருக்கிறது, எனக்குத்தான் கேட்கவில்லை என்று அப்போது புரிந்தது. என்ன செய்தேன் தெரியுமா? எண்ணினேன். அதுவரை வந்த பீப் எல்லாம் ஏறக்குறைய நாலு எண்ணுகிற இடைவெளியில் வந்திருந்தன. டிஜே புத்தி. ஒன்று இரண்டு மூன்று நாலு, அழுத்தினேன். ஒன்று இரண்டு மூன்று நாலு, அழுத்தினேன்.

டெக்னீஷியன் கதவைத் திறந்தார். "மேடம், நான் பீப் அனுப்பறத நிறுத்தி ஒரு நிமிஷம் ஆச்சு. நீங்க பாட்டுக்கு அழுத்திட்டே இருக்கீங்க. உள்ள ஏதாவது பாட்டு ஓடுதா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. மறுபடி ஒழுங்காகச் சோதித்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு காதுலயும் மேல் சத்தம், கீச்சுன்னு வர்றது, கேக்கறது குறைஞ்சிருக்கு. இந்த வயசுல இப்படி வரக்கூடாது. இனிமே காதை அடைச்சுக்கோங்க, போனது திரும்ப வராது" என்றார். அடுத்து அவள் போனாள். நாலு நிமிடத்தில் வெளியே வந்தாள். அவளுடைய கோட்டுப் படத்தை டெக்னீஷியன் நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். பச்சைக் குழந்தையின் காது மாதிரி இருக்கிறதாம்.

கேன்டீனில், "உனுக்கு இன்னா சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"நார்மல்."

அவள் தன் தட்டிலிருந்த அப்பளத்தை என் தட்டில் வைத்தாள். அந்த ஞாயிறு க்ளப் வாசலில் எப்போதும் போல இயர் பிளக்கை நீட்டினாள். ஆனால் சட்டென்று கையை விடவில்லை, பிடித்துக்கொண்டே நின்றாள். தெரிந்துகொண்டுதான் நீட்டுகிறாள் என்று எனக்குப் பட்டது. இப்போது போட்டுக்கொண்டால் இத்தனை நாள் அவள் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டேன். காது போனாலும் பரவாயில்லை, அவள் முன்னால் இறங்கக்கூடாது என்று இருந்தது. இதை எழுதும்போது எனக்கே என்னை அறையத் தோன்றுகிறது.

அதற்குப் பிறகு அவள் என் வாசிப்பில் ஒன்றே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "மேல் சத்தம் குத்துதுடி. சட்டில கரண்டி வெச்சி சொரண்டற மாதிரி கீது. கொறச்சிக்க." எனக்கு எதுவும் குத்தவில்லை. எல்லாம் மொட்டையாகக் கேட்டது, அதனால் மிக்ஸரில் மேல் சத்தத்தைக் கூட்டும் ஹை நாபை ஏற்றிக்கொண்டே போனேன். ஒரு நாள் மேடையிலிருந்து இறங்கியதும் மறுபடி அதையே சொன்னாள். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

"நீ பெரிய இவளா? ஆடுறதுக்கு மட்டும் வந்தவதான நீ? நான் மேல வந்துட்டேன்னு உனக்குப் பொறாமை" என்று கத்தினேன்.

"எனுக்கா?" என்றாள்.

கோபமோ வருத்தமோ இல்லை. உண்மையிலேயே புரியாமல் கேட்டாள். அவளிடம் இருப்பது என்னிடம் இல்லையே என்று இத்தனை நாள் வெந்துகொண்டிருந்த எனக்கு, பொறாமை என்றாலே தெரியாத அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை. அந்த மாதமே வேலையை விட்டுப் பெங்களூரில் அறை எடுத்தேன். அவள் இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை.

பெயர் வந்தது. எதனால் வந்தது தெரியுமா? என் சத்தம் ரொம்பக் கூர்மையாக இருக்கிறதாம், கத்தி போல வெட்டுகிறதாம். என்னைப் பார்த்து இளசுகள் இரண்டு பேர் அதேபோல் ஹை ஏற்றி வாசிக்கிறார்கள். அது ஸ்டைல் இல்லை, என் செவிட்டுத்தனம் என்று உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவளோ கெலமங்கலம் போகும் வழியில் கம்பெனியின் புது யூனிட்டில் நாய்ஸ் ரூமுக்கே பொறுப்பாளர் ஆகிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்கும் வயிறு எரிந்தது.

போன மாதம் அதே கிடங்கில், ஞாயிறு மத்தியானம், என் பெயர் போட்ட பார்ட்டி. நிறைந்த கூட்டம். இப்போதெல்லாம் நானும் காதில் அச்செடுத்துச் செய்த விலை உயர்ந்த இயர் பிளக் வைத்துக்கொள்கிறேன். எல்லாம் போன பிறகு. மூன்றாவது பாட்டில் தலையை நிமிர்த்தினேன். தூண் பக்கத்தில் சுடிதார், சேஃப்டி ஷூ, காதிலிருந்து தொங்கும் நீலக் கயிறு.

கூட்டம் முழுக்கக் குதிக்கிறது, அவள் தூணில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். நல்ல பாட்டாகப் பார்த்துப் போட்டேன். ஆடவில்லை. நான் வைத்திருந்ததிலேயே சிறந்ததைப் போட்டேன். பாட்டிலை மூடினாள். கண்ணை மூடப்போகிறாள் என்று நினைத்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மேடைக்கு வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் மேடையில் ஏறியது அதுதான் முதல் தடவை.

"நல்லா கீறியா?" என்று என் காதருகே கத்தினாள். பதிலுக்குக் காத்திருக்காமல் என் மிக்ஸரில் ஹை நாபை இரண்டு விரலால் பிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் திருகினாள். கொஞ்சம், இன்னும் கொஞ்சம். நிறுத்தினாள். பையிலிருந்து மஞ்சள் மார்க்கரை எடுத்து, நாப் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

"இதுக்கு மேல போவாத. இப்ப சரியா கீது."

இறங்கிப் போய்த் தூண் பக்கத்தில் நின்று கண்ணை மூடினாள். முழங்கால் மடங்கியது. ஸ்பீக்கரை விட்டுத் தள்ளித் தள்ளி நின்ற கூட்டம் அதுவரை ஏன் தள்ளி நின்றது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது மெல்ல முன்னால் நெருங்கி வந்தது. ஒரு பெண் காதைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள். எல்லோர் முகமும் தளர்ந்தது. பார்ட்டி நடத்துகிறவர் ஓரத்திலிருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை.

மிக்ஸர் என் சொந்த மிக்ஸர், போகிற ஊருக்கெல்லாம் கொண்டுபோகிறேன். அந்தப் புள்ளியைத் துடைத்துவிட வேண்டும் என்று வாசிக்க நிற்கும்போதெல்லாம் தோன்றுகிறது. பெயின்ட் மார்க்கர்தான், தின்னர் தொட்டு ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். தின்னர் பாட்டிலும் பையில் இருக்கிறது. நாபை அந்தப் புள்ளியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டுத்தான் முதல் பாட்டைப் போடுகிறேன்.